ஏரோப்ளேனுக்கு வெச்ச சந்தனம்

ராஜரத்தினம் சாருக்கு சரித்திரம் எழுதற பைத்தியம் புடிச்சது எழுபத்திரெண்டாம் வருசம். ரிட்டயர் ஆன மனுசன் கம்முனு குந்திக்கினு பேப்பர் படிக்க வேண்டியதுதானே? கோபாலபுரத்துல பங்களா கீது, மாசம் பொறந்தா பென்சன் வருது, எதிர்த்துப் பேசாத சம்சாரம் கீது. அத்தயெல்லாம் வுட்டுட்டு, யுத்த டைம்ல வெள்ளெருக்குமேட்டுல இருந்த ஏரோட்ரோம் பத்தி புஸ்தகம் போடறேன்னு கெளம்பிட்டாரு. போடட்டும், யார் வேணாங்கறா? என்னை எதுக்கு அதுல இஸ்துக்கினு வரணும்?

என் பேரு கபாலி. மைலாப்பூர்ல பொறந்தவனுக்கு வேற இன்னா பேரு வெப்பாங்க. ஆழ்வார்பேட்டைல மோட்டார் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். சாரோட ஹெரால்டு காரு மாசத்துல பத்து நாள் என் ஷெட்டுலதான் படுத்துக்கினு கெடக்கும். ஆனா எங்க பழக்கம் காரால வந்தது இல்ல. நாப்பத்திரெண்டுல, எனக்கு இருவது வயசுல, நான் வெள்ளெருக்குமேட்டுல ரிக்கர் வேலைக்கு சேந்தேன். ஏரோப்ளேனோட ரெக்கை, வயரு, துணி, குழாயி எல்லாத்தையும் தெனம் பாத்து, சரியா கீதுன்னு கையெழுத்து போடற வேலை. சாரு அங்க பசங்களுக்கு பறக்கக் கத்துக்குடுக்கற ஆபீசரு.

வெள்ளெருக்குமேடுன்னா செங்கல்பட்டுக்கும் அப்பால ஒரு பொட்டல். ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு மெட்ராஸே மூட்டை கட்டிக்கினு ஓடின வருசம் அது. நாலு ஊரு நெலத்த எடுத்துக்கினு, பதினஞ்சு நாள்ல காலி பண்ணுன்னுட்டாங்க. எண்ணூறு பனைமரம் சாஞ்சுது. பொம்பளைங்க கூடை கூடையா சரளை சொமந்து கொட்டி, கல்லு உருளைய மாடு கட்டி இஸ்து, ஆறே மாசத்துல ரன்வே போட்டாங்க. மூங்கில் நட்டு கீத்து மேஞ்ச கொட்டாய்ல மஞ்சக் கலர் ஏரோப்ளேன் பதினெட்டு நிக்கும். மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு அடுக்கு ரெக்கை, மரச்சட்டம், அதுமேல துணி. ரேடியோ கீடியோ ஒண்ணும் கெடையாது. மேல ஏறிட்டவன் கீழ கீறவனுக்கு ஏதாவது சொல்லணும்னா கைதான் ஆட்டணும்.

இத்தயெல்லாம் நான் சொல்லச் சொல்ல சார் எழுதிக்குவாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் காலைல ஒரு காப்பி குடுத்து குந்த வெச்சிடுவாரு. எந்த ஏரோப்ளேன் எந்த நம்பரு, கமாண்டரு நாய்க்கு இன்னா பேரு, எல்லாம் வேணும் அவருக்கு. சரளை சொமந்த பொம்பளைங்க பத்தி சொன்னா மட்டும் பேனாவ மூடிடுவாரு. "அது வேற புத்தகம் கபாலி"ம்பாரு. சரிதான், சொமந்தவங்களுக்கு எந்த புஸ்தகத்துல எடம் கீது.

அந்த ஏரோட்ரோம்ல பறக்கக் கத்துக்க வந்து செத்தவங்க அஞ்சு பேரு. நாலாவது பேரு கணேசமூர்த்தி. அந்த எடத்துக்கு சார் வர்ற அன்னிக்கு நான் அங்க இருக்கக் கூடாதுன்னு நெனச்சிக்கினே இருந்தேன். நம்ம நேரம், அன்னிக்கு நானும் இருந்தேன், கணேசமூர்த்தியோட தங்கச்சியும் வந்துட்டாங்க.

சார் பேப்பர்ல ஒரு விளம்பரம் குடுத்திருந்தாரு, பழைய போட்டோ, லெட்டர் வெச்சிருக்கவங்க வந்து காட்டுங்கன்னு. அத்த பாத்துட்டு வந்தவங்க. சுந்தரவல்லின்னு பேரு, நாப்பது வயசு இருக்கும். திருநெல்வேலி பக்கத்துல இருந்து வந்து தி.நகர்ல ஜவுளிக்கடை வெச்சிருக்கற குடும்பம். கைல ஒரு துணிப்பை. அதுக்குள்ள ஒரே ஒரு போட்டோ. சார் டேபிள் மேல வெச்சாங்க. நான் பாக்கல. பாக்காமலே எனக்குத் தெரியும், காது ரெண்டும் கொஞ்சம் தூக்கிக்கினு, சிரிச்சா பல்லு முன்னால வரும்.

"சார், நீங்க எழுதியிருக்கறத ஒரு தடவ வாசிச்சுக் காட்டுவீங்களா? எங்க அண்ணன் பத்தி மட்டும்" னாங்க.

சார் கண்ணாடிய துடைச்சிட்டு படிச்சாரு. "பயிற்சி மாணவர் கணேசமூர்த்தி, கட்டளையை மீறி மைதானத்தின் மீது தாழப் பறந்து வேடிக்கை காட்டியதால், தன் உயிரையும் அரசாங்கத்தின் விமானத்தையும் இழந்தார்."

அந்தம்மா அழல. தலைய மட்டும் ஆட்டினாங்க. "இதே வரிதான் சார் அப்ப தபால்லயும் வந்துச்சு. எங்க அப்பா அதுக்கப்புறம் அண்ணன் போட்டோவ செவுத்துல மாட்ட விடல. எம்மவன் சண்டைல சாகல, வெளையாடிச் செத்தான், அவனுக்கு மால ஒரு கேடான்னுட்டாரு. அப்பா போயி பத்து வருசமாச்சு. அம்மா இன்னும் பொட்டிக்குள்ளதான் வெச்சிருக்கா. மாட்டலாம்மான்னா, அரசாங்கம் அப்படி எழுதியிருக்கேட்டி, அப்பா சொன்னத மீறக்கூடாதுங்கா. எழுவத்திரெண்டு வயசு சார். ஒரே ஒரு வரி. அத எடுத்துடுங்க, போதும்."

"அம்மா, அது விசாரணைக் கமிட்டி முடிவு" னாரு சார். "நான் எழுதறது சரித்திரம். இரக்கப்பட்டு மாத்த எனக்கு உரிமை இல்ல. வேற மாதிரி நடந்துச்சுன்னு ஒரு சாட்சி வந்து சொன்னா, கண்டிப்பா மாத்தறேன்."

"முப்பது வருசம் கழிச்சு சாட்சிக்கு நான் எங்க சார் போவேன்?"

சாட்சி அங்கதான் காப்பி டம்ளரும் கையுமா குந்திக்கினு இருந்தான். வாயத் தொறக்கல அந்தப் பேமானி. அந்தம்மா போறச்சே என்னையும் பாத்து, "வரேன் அண்ணாச்சி" ன்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

நடந்தத சொல்லிடறேன். மறைக்க ஒண்ணும் இல்ல இனிமே.

நாப்பத்திமூணு, ஆயுத பூஜை. நம்ம ஆளுங்களுக்கு அது பண்ணாம இருக்க முடியுமா? சுத்தியல், ஸ்பானருல இருந்து எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாத்தான் கை ஓடும். வெள்ளைக்கார கமாண்டரு முடியவே முடியாதுன்னுட்டான். ராஜரத்தினம் சார்தான் போய் மல்லுக்கு நின்னு, "எல்லாத்துக்கும் நான் பொறுப்பு"ன்னு கையெழுத்து போட்டு பர்மிசன் வாங்கிக்கினு வந்தாரு. நாங்க முப்பது பேரும் அவர தூக்கி வெச்சிக்கினு ஆடினோம். ஸ்டோர் நூர் முஹம்மது பாயி செங்கல்பட்டு போய் பொரி, கடலை, பூசணிக்கா எல்லாம் வாங்கியாந்தாரு.

அன்னிக்குக் காலைல கணேசமூர்த்திக்கு ஊர்ல இருந்து பார்சல் வந்துச்சு. சின்ன ஓலைக் கொட்டான். அதுக்குள்ள திருச்செந்தூர் சந்தனம், காஞ்சு கட்டியா. கூட அவங்க அம்மா கடுதாசி. ஓடிவந்து எனக்குப் படிச்சுக் காட்டினான். "மூர்த்தி, நீ ஏறுற வண்டிக்கு இத வைக்கச் சொல்லு. முருகன் பாத்துக்குவான்." அவன் நாளைக்கு ஆபீசர் ஆவப்போற பையன், நான் கை கறுத்த ரிக்கரு. ஆனா "கபாலி அண்ணாச்சி"ன்னுதான் கூப்புடுவான். சார்னு சொன்னா மூஞ்ச தூக்கி வெச்சிக்குவான். "நீங்களே உங்க கையால வைங்க அண்ணாச்சி, நாளைக்கு விஜயதசமி, நான் தனியா போறேன்" னான். தனியா அவன் பறக்கறது அது மூணாவது தடவ.

வெச்சேன். அந்தக் கட்டிய தண்ணி வுட்டு கரைச்சேன். ஆசைல தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா பூடுச்சு. மூக்குக்கு வெச்சேன், விசிறிக்கு வெச்சேன், சக்கரத்துக்கு வெச்சேன், ரெக்கைய தாங்கற கட்டைக்கு வெச்சேன். இடது பக்கத்துக் கட்டைல விரலாட்டம் ஒரு குழாய் முன்னால நீட்டிக்கினு இருக்கும். அதுல தம்மாத்தூண்டு ஓட்டை. அது வழியா காத்து பூந்தாத்தான் உள்ள வேகம் காட்டற முள்ளு ஆடும். அதுக்கு மேலதான் பொட்டு வெச்சேன். சந்தனம் தண்ணியா இருந்துச்சா, வழிஞ்சிருக்கு. அந்தக் குழாய்க்கு மாட்டற உறை, பூஜைக்குன்னு தொவைச்சு காயப்போட்டிருந்துச்சு.

மறுநாள் காலைல நான்தான் அந்த வண்டிய செக் பண்ணேன். குழாய் நுனில சந்தனம் காஞ்சு ஒட்டிக்கினு இருந்துச்சு. துணிய எடுத்து பளிச்சுன்னு துடைச்சேன். வெளில துடைச்சவன், உள்ள எட்டிப் பாக்கல. ஊதிப் பாக்கல. ஊதிப் பாக்கறதுன்னா இன்னா, அஞ்சு செகண்டு வேலை. துடைச்ச துடைப்புல அத்த இன்னும் உள்ள தள்ளி அடைச்சதே நான்தான். போய் கையெழுத்து போட்டேன். அந்தப் புள்ள சிரிச்சிக்கினே ஏறிப் போனான்.

ஏறினவன் எறங்கல. ஒரு சுத்து சுத்தினான். எறங்க வந்தான், எறங்காம மறுபடியும் மேல போனான். அப்பால மறுபடியும் தாழ வந்தான், எங்க தலைக்கு மேலயே வந்தான். ஒரு கைய வெளில நீட்டி ஆட்டினான். கொட்டாய்ல இருந்தவங்கல்லாம் "பாரு, திமிரு! கை காட்டறான்"ன்னு சிரிச்சாங்க. நான் சிரிக்கல. அவன் கை காட்டல, விரல் நீட்டினான். இடது பக்கத்துக் கட்டைய காட்டினான். மூணு தடவ வந்து மூணு தடவயும் அதத்தான் காட்டினான். முள்ளு ஆடல, வேகம் தெரியாம எறங்க பயப்படறான்னு புரிஞ்சுபோச்சு. புரிஞ்சு இன்னா பண்றது? நாலாவது தடவ எறங்க வந்தான். வேகம் பத்தல. மூக்கு அப்படியே கீழ தொங்கி, ரன்வே கடைசில இருந்த பனங்காட்டுல வுழுந்துச்சு.

மொதல்ல ஓடினவரு ராஜரத்தினம் சாரு. எங்க யாரையும் கிட்ட வுடல. விசாரணைல என்னைக் கேட்டாங்க, "வண்டி சரியா இருந்துச்சா?" "இருந்துச்சு சார்." அந்தக் குழாய கழட்டிப் பாத்தாங்களாம், உள்ள சுத்தமா இருந்துச்சாம், ஒரு அடைப்பும் இல்லியாம். அப்படின்னுதான் எழுதினாங்க. அந்த ஒரு வார்த்தைய புடிச்சிக்கினு நான் முப்பது வருசம் ஓட்டிட்டேன். சுத்தமா இருந்துச்சுன்னா அப்ப நம்ம தப்பு இல்ல, வேற ஏதோ கோளாறுன்னு. பகல்ல நம்புவேன். அவன் நீட்டின விரலு ஞாபகம் வந்தா நம்ப மாட்டேன்.

அந்த ஞாயித்துக்கெழமை வூட்டுக்குப் போய் சோத்துல கை வெச்சேன், எறங்கல. என் பொண்டாட்டி வேலம்மா, "இன்னா, ஒடம்பு சரியில்லியா?" ன்னா. மொத்தத்தையும் கொட்டிட்டேன். கல்யாணம் ஆயி இருவத்தாறு வருசத்துல மொத தடவ. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு செவுத்துக்கு மட்டும் பொட்டு வெச்சிட்டு, எந்த வண்டிக்கும் சந்தனம் வெக்க வுடமாட்டேன். அதுக்காவ என்னோட சண்டை போடாத வருசம் இல்ல அவ. இப்ப எல்லாம் கேட்டுட்டு அப்படியே குந்திட்டா.

"கம்முனு இரு" ன்னா அப்பால. "அந்தப் பொம்பளைக்குப் புள்ள போனது போதாதா? அவ கும்புட்டு அனுப்பின சந்தனம்தான் அவன கொன்னுச்சுன்னு வேற போய் சொல்லப் போறியா? எழுவத்திரெண்டு வயசுல அவ அத்த கேக்கணுமா?"

"அப்ப அவன் திமிரெடுத்து செத்தான்னு புஸ்தகத்துல வரட்டுமா?"

"ஐயோ, அதுவும் வேணாம்."

"பின்ன இன்னாதான் பண்ணச் சொல்ற?"

"என்னைக் கேட்டா? நீ பண்ண வேலைக்கு நானா வழி சொல்லணும்?" ன்னு அவளும் அழுதா. இன்னா நியாயம் பாரு. சொன்னா தாய் செத்துடுவா, சொல்லலன்னா புள்ள ரெண்டாந்தடவ சாவான். மூணு நாள் ஷெட்டுல வேலை ஓடல. ஒரு அம்பாசிடருக்கு பிரேக் ஆயிலு மாத்திட்டு, மாத்தினனா இல்லியான்னு நாலு வாட்டி போய்ப் பாத்தேன். நாலாம் நாளு காலைல ஷெட்ட தொறக்காம நேரா கோபாலபுரம் போய்ட்டேன்.

சார் தோட்டத்துல செடிக்கு தண்ணி வுட்டுக்கினு இருந்தாரு. "சார், கணேசமூர்த்தி விசயம். சாட்சி இருந்தா மாத்தறேன்னீங்களே. நான்தான் சாட்சி. சந்தனம் வெச்சது நானு. துடைச்சதும் நானு. குழாய் சுத்தமா இருந்துச்சுன்னு சொன்னாங்கதான், ஆனாலும் ஒருவேளை…"

"ஒருவேளை இல்ல கபாலி" னாரு.

தண்ணிய நிறுத்திட்டு அப்படியே நின்னாரு. அப்பால என்னைப் பாக்காம பேசினாரு. "நான்தான் முதல்ல ஓடினேன். அவனுக்கு உயிர் இல்ல. கைய பாத்தேன், விரல் அப்படியே நீட்டிட்டு இருந்துச்சு. அந்தக் கட்டைய பாத்தேன். பாக்கெட்ல தீப்பெட்டி இருந்துச்சு. குச்சிய எடுத்து குழாய்க்குள்ள இருந்தத நோண்டி எடுத்தேன். சந்தன வாசனை அடிச்சுது. இன்னிக்கு வரைக்கும் என் வீட்டுல சந்தனம் வாங்கறது இல்ல."

வரப்பு மாதிரி கட்டியிருந்த செங்கல்லு மேல குந்திட்டேன். அப்ப நான்தான். ஒருவேளையும் இல்ல, கிருவேளையும் இல்ல. முப்பது வருசமா நான் தொங்கிக்கினு இருந்த கயிறு அந்தத் தீக்குச்சியோட போச்சு.

"ஏன் சார்?" ன்னேன்.

"ஏன்னா? பூஜைக்குக் கையெழுத்து போட்டவன் நான். அது தெரிஞ்சா கமாண்டர் என்ன சொல்லியிருப்பான்? இவனுங்க கைல மெஷினக் குடுத்தா பொட்டு வெச்சே கொல்லுவானுங்கன்னு சொல்லியிருப்பான். உங்க முப்பது பேரையும் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான். உன்னை ஜெயில்ல போட்டிருப்பான். உங்கள எல்லாம் காப்பாத்தத்தான் வேடிக்கை காட்டினான்னு கமிட்டிக்கு எழுதிக் குடுத்தேன்…"

வந்துச்சு பாரு எனக்கு ஆத்திரம்! "யாரைக் காப்பாத்தின நீ? எங்களயா? உன் கையெழுத்தயா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு, செத்த புள்ள தலைல கட்டிட்டியே! வாயில்லாதவன், வந்து கேக்கமாட்டான்னு தைரியம். வேடிக்கை காட்டினான்னு எழுதினியே, அது யாரு சொல்லி எழுதின? அவன் காட்டினது எனக்கு மட்டும்தான் புரிஞ்சுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உனக்கும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே எழுதியிருக்க. முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிட்டு, இப்ப சரித்திரம் எழுதறியா சரித்திரம்?"

அவரு சம்சாரம் வாசலுக்கு வந்து எட்டிப் பாத்துட்டு உள்ள போய்ட்டாங்க. வயசான மனுசன், தாடை ஆடுது. நீயின்னு பேசிட்டமேன்னு எனக்கும் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. ஆனா மன்னிப்பு கேக்கல. கேக்கவும் மாட்டேன். நானும் ஒண்ணும் ஒழுங்கு கெடையாது. அவரு ஒரு வரி எழுதினாரு, நான் ஒரு வரி சொன்னேன், "இருந்துச்சு சார்"னு. அவ்ளோதான் வித்தியாசம்.

"என்ன எழுதணும்னு சொல்லு, எழுதறேன்" னாரு கடைசில. "தீக்குச்சி விஷயமும் எழுதறதா?"

அவரு மூஞ்ச பாத்தேன். "அத்த எழுதறதும் எழுதாததும் உங்க பாடு சார். எனக்கு ரெண்டே வேணும். ஒண்ணு, அவன் வேடிக்கை காட்டல, ஆபத்துன்னு சைகை காட்டினான்னு வரணும். ரெண்டு, சந்தனம் வெச்சது, பாக்காம கையெழுத்து போட்டது கபாலின்னு என் பேரோட வரணும். அது யாரு அனுப்பின சந்தனம்னு மட்டும் வரக்கூடாது. நான் சந்தைல வாங்கினதுன்னு போடுங்க."

"அது பொய்யாச்சே."

"பொய்யின்னா உங்களுக்குப் புச்சா சார்?"

அன்னிக்கே உள்ள போய் டைப் அடிச்சுக் குடுத்தாரு. ஒரு பக்கம். படிச்சுப் பாத்தேன். நான் சொன்னது அத்தனையும் இருந்துச்சு. தீக்குச்சி இல்ல. பர்மிசன் வாங்கிக் குடுத்த கையெழுத்தும் இல்ல. சரி, போவட்டும். அவரு சரித்திரம் அவருது.

அந்தக் காகிதத்த எடுத்துக்கினு தி.நகர் போனேன். பனகல் பார்க் பக்கத்துல கடை, கடைக்குப் பின்னாலயே வூடு. சுந்தரவல்லியம்மா என்னைப் பாத்ததும் "வாங்க அண்ணாச்சி, சார் அனுப்பினாரா?" ன்னு முகம் மலந்து உள்ள கூட்டிக்கினு போனாங்க. கூடத்துல ஒரு கட்டில்ல அவங்க அம்மா குந்திக்கினு இருந்தாங்க. சண்முகவடிவம்மா. ஒல்லியா, காதுல ஓட்டை மட்டும் தொங்குது. அந்தக் காது ரெண்டும் கொஞ்சம் தூக்கிக்கினுதான் இருந்துச்சு.

தண்ணி குடுத்தாங்க. குடிக்கல. காகிதத்த நீட்டினேன். "படிங்கம்மா, சத்தமா படிங்க, அவங்களுக்கும் கேக்கட்டும்" ன்னேன்.

சுந்தரவல்லியம்மா ஆரம்பிச்சாங்க. அவங்க அண்ணன் ஆபத்துன்னு சைகை காட்டினாருங்கற எடத்துல குரல் ஒடைஞ்சு நின்னுடுச்சு. "அம்மா, கேட்டியா? அண்ணன் வெளையாடல. சொல்லியிருக்காம்மா, கீழ இருந்தவங்களுக்குச் சொல்லியிருக்கான்" னு அம்மா கைய புடிச்சிக்கினு அழுதாங்க. அப்பால மீதிய படிச்சாங்க. சந்தனம், அடைச்சது, கவனக்குறைவு, கபாலி. அந்தப் பேருக்கு வந்ததும் நிமிந்தாங்க.

"கபாலின்னா யாரு?"

"நான்தாம்மா."

அந்தம்மா எந்திரிச்ச வேகத்துக்கு அடிச்சிடுவாங்கன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். "அன்னிக்கு அங்கன உக்காந்து காப்பி குடிச்சியே! வரேன் அண்ணாச்சின்னு உங்கிட்ட சொல்லிட்டு வந்தேனே! முப்பது வருசம் வாய்ல என்ன வெச்சிருந்த? எங்க அப்பா அந்த நெனப்புலயே செத்தாரே. அவருக்கு யாரு வந்து வாசிச்சுக் காட்டுவா, சொல்லு!"

தலை குனிஞ்சு நின்னேன். "எதுனா பண்ணுங்கம்மா, போலீசுக்கு வேணா சொல்லுங்க" ன்னேன். அதுவும் பைத்தியக்காரத்தனமான பேச்சுதான், எனக்கே தெரிஞ்சுது.

"வல்லி, சும்மா இரு" ன்னாங்க பெரியம்மா. "தம்பி, இங்க வா. கிட்ட வா."

போய் கட்டிலுக்குக் கீழ தரைல குந்தினேன். என்னையே பாத்தாங்க. கோவம் இல்ல அந்தக் கண்ணுல. எதயோ தேடற மாதிரி இருந்துச்சு. இன்னா கேக்கப் போறாங்கன்னு எனக்குத் தெரியும்.

"எந்தச் சந்தனம்யா அது?"

"சந்தைல வாங்கினதும்மா. நான்தான் வாங்கினேன்."

"நான் ஒண்ணு அனுப்புனேன்லா. திருச்செந்தூருக்கு நடந்தே போயி, சாமிக்குச் சாத்துனத வாங்கி, ஓலைக் கொட்டான்ல வெச்சுத் தச்சு அனுப்புனேன். அது?"

"அது வரலம்மா."

"வரலியா?"

"யுத்த டைமு. ரயிலு கியிலு ஒண்ணும் ஒழுங்கா ஓடல. பார்சல் வந்து சேரவே இல்லம்மா. மூர்த்தி கூட கேட்டுக்கினே இருந்தான், அம்மா அனுப்பறேன்னு எழுதியிருந்தாங்களே, காணோமேன்னு." வாயில வந்தது வந்துச்சு, நானும் அடிச்சு வுட்டேன். அந்தம்மா மூஞ்ச மட்டும் பாத்துக்கினே இருந்தேன். எப்படியோ தாண்டிட்டோம்னு ஒரு மூச்சு வுட்டேன்.

அவங்க ரெண்டு கையையும் தூக்கி எங்கயோ பாத்து கும்புட்டாங்க. கண்ணுல இருந்து தண்ணி அது பாட்டுக்கு வழியுது. "முருகா, ஒம்மேல சந்தேகப்பட்டுட்டேனே. கும்புட்டு அனுப்பியும் கைவிட்டுட்டியேன்னு அன்னையிலருந்து உன் வாசல் மிதிக்கலியே. அது போயே சேரலியா." அப்பால குனிஞ்சு என் கைய, அந்த வலது கைய, ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினாங்க.

"தம்பி, நீ சொல்லு. நீதான் பக்கத்துல இருந்தவன். அந்தச் சந்தனம் மட்டும் வந்து சேந்திருந்தா எம்புள்ள பொழைச்சிருப்பாம்லா?"

சுந்தரவல்லியம்மா என்னையே பாத்துக்கினு நிக்கறாங்க. பெரியம்மா கைய வுடல.

"பொழைச்சிருப்பாரும்மா" ன்னேன்.